எரிமலைக் கல்லுக்கு வைத்த சோதனை

கட்டடம் எழுப்புவோர் இரண்டு வினாக்களுக்கு விடை பகர வேண்டியவராவர். எழுப்பிய சுவர் இன்று சுமையைத் தாங்குமா என்பது ஒன்று. நூறாண்டு சென்ற பின்னும் தாங்குமா என்பது மற்றொன்று. முதலாவது வினாவுக்கு விடை காண்பது அத்துணைக் கடினமன்று. கல்லைப் பொறியில் வைத்து அழுத்தினால் அது நொறுங்கும் நிலை தெரிந்துவிடும். இரண்டாவது வினாவுக்குரிய விடையோ காலத்தின் கையில் உள்ளது. காலம் வாய் திறக்கும்வரை காத்திருந்தால், விடை கிடைக்கும்பொழுது கட்டடம் சிதைந்துகொண்டிருக்கும். ஆதலால், வரப்போகும் காலத்தை முன்கூட்டியே சோதனைச்சாலைக்குள் அழைத்துவரும் வழியை மனிதன் தேட நேர்ந்தது. அத்தேட்டத்தின் வரலாற்றில் எரிமலைக் கல் பெற்ற இடம் பெரிது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகக் குலையாது நிற்கும் கட்டடங்களுக்கு உறுதி தந்ததும் அக்கல்லே. கட்டி முடித்து இரண்டு ஆண்டு செல்வதற்குள் ஒரு பேரணையின் மேனியில் வெடிப்புகளைத் தோற்றுவித்ததும் அக்கல்லே. நண்பனாகவும் பகைவனாகவும் அது மாறி மாறித் தோன்றிய காரணத்தை அறிந்துகொள்வதற்கு மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது.

கொங்கிறீற்று எனப்படுவது சீமெந்து, மணல், சல்லி, நீர் ஆகிய நான்கும் சேர்ந்த கலவை. சீமெந்தே அதன் உயிர் என்று பலரும் எண்ணுவர். ஆயினும் அதன் கனவளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்குவரை இடங்கொள்வன மணலும் சல்லியுமே. அவற்றைத் தொலைவிலிருந்து கொண்டுவருதல் பெருஞ்செலவாகும். எனவே, எந்நாட்டிலும் அருகிற் கிடைக்கும் கல்லையே மக்கள் உடைத்துச் சல்லியாக்குவர். எரிமலைகள் நிறைந்த நாட்டிலே அருகிற் கிடைப்பது எரிமலைக் கல்லன்றி வேறென்ன? அதனைப் பயன்படுத்தலாமா, ஆகாதா என்னும் வினா அந்நாடுகளில் தவிர்க்க இயலாததாயிற்று.

இவ்வினாவை முதன்முதல் பெரும் அளவில் எதிர்கொண்டவர்கள் உரோமர். இத்தாலியின் நேப்பிள்ஸ் விரிகுடாவை அடுத்துப் பொசுவோலி என்னும் ஊர் உள்ளது. அவ்வூரைச் சூழ்ந்த நிலம் எரிமலைச் சாம்பல் படிந்தது. அச்சாம்பலைச் சுண்ணாம்புடன் சேர்த்துக் குழைத்தால், அச்சாந்து காற்றில் மட்டுமன்றி நீருக்கு அடியிலும் கல்லைப்போல் இறுகுவதை உரோமர் கண்டனர். அவ்வூரின் பெயராலேயே அச்சாம்பலுக்குப் பொசொலானா என்னும் பெயர் பின்னர் வழங்கலாயிற்று. சாதாரண சுண்ணச்சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றே இறுகுவது. நீருக்கடியில் அது கரைந்து சிதறிவிடும். ஆகவே கடலுக்குள்ளே துறைமுகம் அமைக்க விரும்பியவர்களுக்கு இச்சாம்பல் பெருங்கொடையாக வாய்த்தது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், யூதேயாவின் அரசனான ஏரோது செசாரியாவில் அமைத்த துறைமுகத்துக்கு, நேப்பிள்ஸ் விரிகுடாவின் சாம்பல் மத்தியதரைக் கடலைக் கடந்து கப்பலில் ஏறிச் சென்றது.

உரோமர் சாம்பலோடு அமையவில்லை. எரிமலைக் கல்லையும் உடைத்துக் கலவையில் இட்டனர். உரோம நகரைச் சுற்றியிருந்த குன்றுகளிலே, சாம்பல் இறுகி உருவான மென்கல் மிகுதி. அது வெட்டுதற்கு எளிது. ஆனால் மழையும் உறைபனியும் கடற்காற்றும் பட்டால் உதிரும் இயல்பினது. இக்கல்லைப் பற்றி விற்றுரூவியஸ் என்னும் கட்டடக் கலைஞர் கட்டடக்கலை குறித்துத் தாம் இயற்றிய நூலின் இரண்டாம் பாகத்தில் ஒரு முறையை வகுத்துள்ளார். கட்டத் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, குளிர்காலத்தில் அன்றி வேனிற்காலத்தில், கல்லை அகழ்ந்தெடுத்தல் வேண்டும். எடுத்த கல்லைத் திறந்த வெளியில் இரண்டு ஆண்டு கிடத்தல் வேண்டும். அக்காலத்தில் பழுதுற்ற கற்களை அடித்தளத்தில் இடலாம். பழுதுறாதவற்றையே நிலத்துக்கு மேலே கட்டலாம். இதுவே அம்முறை.

இம்முறை எளியது, எனினும் அதில் அடங்கிய அறிவு பெரியது. கல்லின் தோற்றத்தைக் கண்டோ, விற்பவனின் சொல்லைக் கேட்டோ முடிவு செய்யலாகாது. கல் எத்தகைய வாழ்வை வாழப்போகின்றதோ அவ்வாழ்வின் ஒரு பகுதியை முன்னரே அதற்கு அளித்துப் பார்த்தல் வேண்டும் என்பது அதன் உட்பொருள். பழுதுற்றதை வீசி எறியாது, காற்றும் மழையும் அணுகாத இடத்தில் வைத்துப் பயன்கொள்ளும் சிக்கனமும் அதில் உண்டு. இக்காலப் பொறியியலாளர் செய்யும் சோதனைகள் யாவும் இவ்விரண்டு ஆண்டுக் காத்திருப்பைச் சுருக்கும் முயற்சிகளே எனலாம்.

உரோமரின் தேர்ச்சிக்குச் சிறந்த சான்றாக நிற்பது பாந்தியன் என்னும் கோயில். ஏட்ரியன் பேரரசனின் காலத்தில், கி.பி. 125ஆம் ஆண்டளவில் அது நிறைவெய்தியது. அதன் கவிகைமாடத்தின் குறுக்களவு ஏறக்குறைய 43 மீற்றர். இரும்புக் கம்பி எதுவுமின்றி அமைந்த அம்மாடத்திலே உயரத்துக்கு ஏற்பக் கல் வேறுபடுகின்றது. கீழே பாரமான கல்லும் செங்கல்லும். மேலே செல்லச் செல்ல எரிமலை மென்கல். உச்சியை அண்டிய இடத்தில் நுரைபோன்று துளைகள் நிறைந்த இலேசான எரிமலைக் கல். எக்கல்லுக்கு எவ்விடம் தகும் என்பதை அக்காலக் கொத்தர்கள் அளந்து அறிந்திருந்தனர்.

உரோமப் பேரரசு வீழ்ந்தபின் இக்கலை பெரிதும் மங்கியது. எனினும் முற்றாக மறையவில்லை. ரைன் நதிக்கரையிலுள்ள எரிமலைக் கல்லை ஒல்லாந்தர் ஆலைகளில் அரைத்து, திராசு என்னும் பெயரில் நீர்க்கட்டுமானங்களுக்குப் பயன்படுத்தி வந்தனர். எரிமலை இல்லாத நாடுகளில் சுட்ட களிமண்ணின் தூள் அவ்விடத்தை நிரப்பியது. இந்தியாவில் சுர்க்கி எனப்பட்டது அதுவே. 1895இல் நிறைவெய்திய முல்லைப்பெரியாறு அணையின் சாந்து சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்ததாகும்.

சோதனை என்பது ஒழுங்குடைய ஆராய்ச்சியாக உருப்பெற்றது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலில், எடிஸ்ரன் என்னும் பாறையின்மீது வெளிச்சவீடு அமைக்கும் பொறுப்பு 1756இல் யோன் சிமீற்றன் என்னும் பொறியியலாளரிடம் வந்தது. அலைகள் ஓயாது மோதும் அப்பாறையில் எந்தச் சாந்து நிலைக்கும்? அவர் பல ஊர்ச் சுண்ணாம்புகளை வரவழைத்தார். ஒவ்வொன்றாலும் சிறு சாந்து உருண்டைகள் செய்து நீரில் இட்டு, எது கரைகின்றது, எது இறுகுகின்றது என்று பார்த்தார். சுண்ணாம்புக் கல்லை அமிலத்தில் கரைத்து, எஞ்சிய வண்டலையும் ஆராய்ந்தார். களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லே நீரில் இறுகும் சுண்ணாம்பைத் தரும் என்னும் உண்மை அவருக்குப் புலனாயிற்று. இறுதியில், அபர்தோ என்னும் இடத்துச் சுண்ணாம்பையும், இத்தாலியின் சிவிற்றாவெக்கியாத் துறையிலிருந்து வந்த எரிமலைச் சாம்பலையும் சம அளவிற் சேர்த்துச் சாந்து அமைத்தார். 1759இல் விளக்கேற்றப்பட்ட அவ்வெளிச்சவீடு நூற்றிருபது ஆண்டுக்கு மேல் அப்பாறையில் நின்றது. பின்னர் அதனை அகற்ற நேர்ந்ததும் அதன் சாந்து தளர்ந்தமையால் அன்று. அதனைத் தாங்கிய பாறையைக் கடல் அரித்தமையாலேயே.

சிமீற்றனின் வழியைப் பின்பற்றிப் பலர் முயன்றனர். 1824இல் யோசேப் அசுப்பிடின் என்பவர் போற்லண்ட் சீமெந்துக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஆலைச் சீமெந்து உலகெங்கும் பரவியது. எரிமலைச் சாம்பலின் உதவியின்றியே நீரில் இறுகும் பொருள் கிடைத்துவிட்டது. இதனால் ஒரு தவறான எண்ணமும் உடன் வளர்ந்தது. கலவையில் வேலை செய்வது சீமெந்து ஒன்றே. மணலும் சல்லியும் இடத்தை நிரப்பும் வெறும் பண்டங்கள் என்பதே அவ்வெண்ணம். ஆகையால் சல்லிக்கு வைக்கப்பட்ட சோதனைகள் அதன் உடல்வலிமையைப் பற்றியனவாகவே இருந்தன. இரும்புக் குண்டுகளுடன் உருளையில் இட்டுச் சுழற்றி, எவ்வளவு தேய்கின்றது என்று பார்த்தனர். நீரில் ஊறவைத்து, எவ்வளவு நீரை உறிஞ்சுகின்றது என்று நிறுத்துப் பார்த்தனர். உப்புக்கரைசலில் தோய்த்து உலர்த்தி, உள்ளே விளையும் உப்புப் பளிங்குகளின் நெருக்கத்தைக் கல் தாங்குகின்றதா என்று பார்த்தனர். உறைபனியின் செயலை ஒத்த இச்சோதனை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்சு நாட்டிலே தோன்றியது. இவையாவும் பயனுள்ள சோதனைகளே. ஆயினும் கல்லும் சீமெந்தும் ஒன்றோடொன்று எதிர்த்து வினை புரியக்கூடும் என்பதை எவரும் ஐயுறவில்லை.

அவ்வையம் பிறந்தது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில். 1930ஆம் ஆண்டுகளில் அங்கே சலீனஸ் பள்ளத்தாக்கிலிருந்த பாலங்களிலும் வீதிகளிலும், கட்டிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, தேசப்படத்தின் எல்லைக்கோடுகள்போல் வெடிப்புகள் கிளைத்தன. சீமெந்தும் அளவுக்கு இசைந்தது. சல்லியும் வலிமை உடையது. ஆயின் குற்றம் எங்கே? மாநில நெடுஞ்சாலைப் பகுதியின் பொறியியலாளரான தோமஸ் சிரான்ரன் வெவ்வேறு சீமெந்துகளையும் வெவ்வேறு மணல்களையும் மாற்றி மாற்றிச் சேர்த்துச் சிறு சட்டங்களாக வார்த்தார். ஈரம் குறையாத மூடிய கலங்களில் அவற்றை வைத்து, அவற்றின் நீளத்தை மாதந்தோறும் அளந்தார். சோடியம், பொற்றாசியம் ஆகிய காரங்கள் மிகுந்த சீமெந்தும், ஓப்பல் என்னும் சிலிக்காவைக் கொண்ட மணலும் சேர்ந்தபோது மாத்திரமே சட்டங்கள் நீண்டன. இரண்டில் ஒன்று இல்லாவிடின் தீங்கு இல்லை. சீமெந்தின் காரம் நூற்றுக்கு 0.6 பங்குக்குக் குறைந்திருப்பின் வீக்கம் மிகச் சிறிது. 1940 திசெம்பரில் அவர் இம்முடிவுகளை வெளியிட்டார்.

சலீனஸ் பள்ளத்தாக்கில் குற்றம் புரிந்தது எரிமலைக் கல் அன்று. ஆனால் அதே காலத்தில் கொலராடோ நதியின்மீதுள்ள பாக்கர் அணையில் நிகழ்ந்தது வேறு. 1938இல் முடிவுற்ற அவ்வணையில் இரண்டு ஆண்டுகளுக்குள் வெடிப்புகள் தோன்றின. அமெரிக்க நிலமீட்புப் பணியகத்தார் அதன் கொங்கிறீற்றை ஆராய்ந்தபோது, அந்தசைற்று, இறையோலைற்று என்னும் எரிமலைக் கற்துண்டுகளைச் சுற்றியே வினை நடந்திருப்பதைக் கண்டனர். வலிமைச் சோதனைகள் வெளிப்படுத்தாத ஓர் இயல்பு அக்கற்களில் மறைந்திருந்தது.

அவ்வியல்பு கல்லின் பிறப்போடு வந்தது. பூமியின் ஆழத்தில் மெல்ல மெல்லக் குளிர்ந்த கருங்கல்லிலே, சிலிக்கா ஒழுங்கான பளிங்குகளாக அமைய நேரம் உண்டு. எரிமலை கக்கிய தீக்குழம்போ விரைந்து குளிர்கின்றது. ஒழுங்காக அமைய நேரமின்றிச் சிலிக்கா கண்ணாடிபோல் உறைந்துவிடுகின்றது. ஒழுங்கற்ற அச்சிலிக்காவைச் சீமெந்தின் காரம் எளிதில் தாக்கும். தாக்கவே பசைபோன்ற ஒரு பொருள் உண்டாகின்றது. அப்பசை நீரை உறிஞ்சி வீங்கும். வீங்கிய பசை தன்னைச் சூழ்ந்த கல்லையும் சாந்தையும் பிளக்கும். வெடிப்பின் வழியே மேலும் நீர் புகும். நீர் புகப் பசை மேலும் வீங்கும். இந்நோய் சில கட்டடங்களில் ஓரிரு ஆண்டுகளிலும், சிலவற்றில் பல பத்தாண்டுகள் சென்றும் வெளிப்படுகின்றது.

நோயின் காரணம் தெரிந்தபின் சோதனைகளின் போக்கு மாறியது. கல்லியல் அறிஞர் கல்லை ஒரு மில்லிமீற்றரின் நூறில் மூன்று பங்குத் தடிப்புள்ள தகடாகத் தேய்த்து, நுணுக்குக்காட்டியில் வைத்துக் கண்ணாடிப் பகுதிகளைத் தேடலாயினர். சிரான்ரனின் சட்டச் சோதனை செம்மையாக்கப்பட்டது. மூன்று மாதத்தில் நூற்றுக்கு 0.05 பங்குக்கு மேலும், ஆறு மாதத்தில் 0.10 பங்குக்கு மேலும் நீளும் சட்டத்தின் கல் ஐயத்துக்குரியது எனக் கொள்ளப்பட்டது. ஆறு மாதம் காத்திருக்க இயலாதோருக்கு வேறொரு முறை 1986இல் தென்னாபிரிக்காவிலிருந்து வெளிவந்தது. 80 பாகை வெப்பமுள்ள சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் சட்டத்தை அமிழ்த்தி வைத்தால், பதினான்கு நாளில் விடை கிடைக்கும். ஆனால் விரைந்து கிடைக்கும் விடை சில வேளை கடுமையானது; நற்கல்லையும் அது பழிக்கக்கூடும். ஆகவே ஐயம் எழுமிடத்து, கொங்கிறீற்றாலேயே சட்டங்கள் வார்த்து, 38 பாகை வெப்பத்தில் ஈரமான கலங்களில் ஓராண்டு வைத்துப் பார்க்கும் சோதனையையே அறிஞர் பெரிதும் நம்புகின்றனர். விற்றுரூவியஸ் விதித்த இரண்டு ஆண்டு, சோதனைச்சாலையில் ஓராண்டாகவும், பின் இரண்டு வாரமாகவும் சுருங்கியது இவ்வாறே.

இங்கே ஒரு புதிர் எழுகின்றது. எரிமலைச் சாம்பல் உரோமருக்கு உறுதி தந்தது. எரிமலைச் சல்லி பாக்கர் அணைக்கு நோய் தந்தது. இரண்டிலும் உள்ளது ஒழுங்கற்ற சிலிக்காவே அன்றோ? வேறுபாடு பொருளில் இல்லை. அதன் பருமனில் உள்ளது. மாவாக அரைந்த சிலிக்கா, கலவை இறுகும் காலத்திலேயே எங்கும் பரவிச் சுண்ணாம்புடனும் காரத்துடனும் சேர்ந்து, வீங்காத உறுதிப்பொருளாக மாறிவிடும். பருக்கையாகக் கிடக்கும் சிலிக்காவோ, கட்டடம் இறுகிய பின்னரும் ஓரிடத்தில் நின்று நெடுங்காலம் வினை புரியும். எனவே நோயைத் தரும் பொருளை நுண்ணிய தூளாக்கினால் அதுவே நோய்க்கு மருந்தாகும். இம்மருந்தின் ஆற்றலைப் பெரிய அளவில் கண்டறிந்த நாடு ஐசுலாந்து.

ஐசுலாந்து முழுவதும் எரிமலையாற் பிறந்த தீவு. அங்கே கட்டடத்துக்கு உதவும் மரம் அரிது. சுண்ணாம்புக் கல்லும் இல்லை. 1915இல் தலைநகரான இறெயிக்காவிக்கில் நேர்ந்த பெருந்தீ மரவீடுகளை அழித்தபின், கொங்கிறீற்றே அந்நகரின் கட்டடப் பொருளாயிற்று. பல காலம் சீமெந்தைக் கப்பலில் தருவித்த அந்நாட்டார், 1958இல் அக்கிரனெஸ் என்னும் ஊரில் தமக்கென ஓர் ஆலையை அமைத்துக் கொண்டனர். சுண்ணாம்புக் கல் இன்மையால், கடலடியிலிருந்து வாரியெடுத்த சிப்பி மணலும், இறையோலைற்று என்னும் எரிமலைக் கல்லுமே அவ்வாலையின் மூலப்பொருள்களாயின. அச்சீமெந்தில் காரம் நூற்றுக்கு ஏறக்குறைய 1.5 பங்கு இருந்தது. சிரான்ரன் வகுத்த எல்லையோ 0.6. அச்சீமெந்துடன் சேர்ந்த சல்லி எரிமலைக் கல். அதிற் பெரும்பகுதி கழுவப்படாது கடல் உப்புடன் வந்தது.

இதன் ஆபத்தை அறிஞர் அறியாதிருக்கவில்லை. 1967இல் இதனை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. எனினும் நீர்மின் நிலையங்களின் பெருங்கட்டுமானங்களைப் பற்றியே கவலை மிகுந்திருந்தது. குடியிருக்கும் வீடுகளின் சுவர் நீரில் அமிழ்ந்திருப்பதில்லை ஆதலால், அவற்றுக்குத் தீங்கு நேராது என எண்ணப்பட்டது. ஆனால் காற்றோடு சாய்ந்து வீசும் அத்தீவின் மழை சுவர்களை நனைத்துக்கொண்டேயிருந்தது. 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் வீடு வீடாக ஆராய்ந்தபோது, 1960ஆம் ஆண்டுகளிலும் அதன் பின்னும் எழுந்த பல வீடுகளின் புறச்சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. வாழ்நாட் சேமிப்பை இட்டு வீடு கட்டிய குடும்பங்களுக்கு இதனினும் பெருந்துன்பம் யாது?

1979இல் அந்நாட்டார் துணிந்து விதிகளை மாற்றினர். கடலிலிருந்து எடுக்கும் சல்லியைக் கழுவியே பயன்படுத்தல் வேண்டும். வினை புரியும் கல்லைச் சோதனை செய்து மட்டுப்படுத்தல் வேண்டும். அவ்வாண்டிலேயே இயங்கத் தொடங்கிய ஓர் உலோக ஆலையின் புகையிலிருந்து கிடைத்த மிக நுண்ணிய சிலிக்காத் தூளைச் சீமெந்துடன் ஆலையிலேயே கலந்து விற்கலாயினர். முதலில் நூற்றுக்கு 5 பங்கும், பின்னர் 7.5 பங்கும் சேர்க்கப்பட்டது. அதன்பின் எழுந்த வீடுகளில் இந்நோய் பெரிதும் அற்றுப்போயிற்று. காரத்தைக் குறைக்கவும் இயலாது, கல்லை மாற்றவும் இயலாது தவித்த ஒரு சிறு நாடு, சோதனையின் துணைகொண்டு தன் மண்ணிலேயே மீட்சி கண்டது.

இதனாலே எரிமலைக் கல் யாவும் தீயது எனக் கருதுவது பிழையாகும். சிலிக்கா குறைந்த, நன்கு பளிங்குற்ற எரிமலைக் கருங்கல் சிறந்த சல்லியாகும். மும்பாய், பூனா முதலிய நகரங்களின் கொங்கிறீற்றிலே தக்கணத்தின் எரிமலைக் கல்லே பெரிதும் இடம்பெறுகின்றது. அதே இனக் கல் உள்ளே சிதைந்து களித்தன்மை அடைந்திருப்பின், ஈரமும் உலர்வும் மாறி மாறிப் படும்போது உதிர்ந்துவிடும். ஒரே மலையின் ஒரு பக்கத்துக் கல் நன்றாகவும், மறுபக்கத்துக் கல் தீதாகவும் இருத்தல் கூடும். ஆகையால் கல்லின் பெயரைக் கொண்டு தீர்ப்புக் கூறாது, அகழும் இடந்தோறும் சோதித்தல் வேண்டும்.

உரோமரின் கொங்கிறீற்றும் அண்மையில் மீண்டும் சோதனைச்சாலைக்கு வந்தது. 2002 முதல் மத்தியதரைக் கடலின் பழைய துறைமுகங்களில் அறிஞர்கள் துளையிட்டு மாதிரிகளை எடுத்தனர். கடல்நீர் ஊடுருவிய இடங்களில், எரிமலைப் பொருளிலிருந்து புதிய கனிமப் பளிங்குகள் விளைந்து துளைகளை நிரப்பியிருப்பதை 2017இல் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துரைத்தது. அங்கே சாம்பல் சுண்ணாம்பைத் தன்னோடு பிணைத்துக் கொண்டமையால், கலவையின் காரத்தன்மை நாளடைவில் தணிந்தது. இக்காலச் சீமெந்தின் கடுங்காரச் சூழலில் பகையாகும் கல், அத்தணிந்த சூழலில் துணையாக நின்றது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. வலிமை வேறு, நிலைபேறு வேறு. வலிமையை ஒரு நாளில் அளந்துவிடலாம். நிலைபேற்றை அறிவதற்கோ கல்லின் பிறப்பையும், அது சேரும் பொருளையும், அது வாழப்போகும் இடத்தின் மழையையும் காற்றையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும். உரோமக் கொத்தனின் இரண்டாண்டுப் பொறுமையும், சிரான்ரன் மாதந்தோறும் எடுத்த அளவும் ஒரே நெறியைச் சேர்ந்தவை. கல் வாய் பேசாது. ஆயினும் முறையாக வினவினால் விடை தரும். வினவாது கட்டியவர்களுக்கு அவ்விடை சுவரிலே வெடிப்பாக வந்து சேரும்.